மலிவுப் போன் மகாத்மியம்

நமது ஜில்லாவில் சிதம்பரத்திற்கும் புவனகிரிக்கும் மத்தியில் இருக்கும் கீரப்பாளையத்திற்குப் போய், அவ்வட்டாரத்து வாலிபர் எவரையாவது கூப்பிட்டு, "உங்கள் ஊரில் வாசகசாலை எங்கே இருக்கின்றது?" என்று கேட்டால் சற்று யோசித்துத்தான் பதில் சொல்லுவார். "பதினாயிரத்துக்குள் நல்ல டச் போன் எது?" என்று கேட்டாலோ, கம்பெனியின் பெயர், காமிராவின் கணக்கு, பாட்டரியின் சக்தி, முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதத் தவணை என்பவைகளையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்புவித்துவிடுவார். இந்தப் பாடம் அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்கப்பட்டதல்ல. கிரிக்கெட் பந்தயத்தின் நடுவிலும், சினிமாப் படத்துக்கு முன்னும், சிதம்பரம் தேரோடும் வீதிகளில் உள்ள கடைப் பலகைகளிலும், அவர் கையிலிருக்கும் பழைய போனின் திரையிலுமாக இரவு பகல் ஓயாமல் நடத்தப்படும் பிரசாரத்தினால் ஏற்பட்ட ஞானமாகும். இப்பிரசாரம் எப்படி நடக்கின்றது, இதற்காகும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கவே நாம் இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை விலக்கிவிடுகின்றோம். நாம் போனுக்கு விரோதிகளல்ல. செய்தி அனுப்பும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்குமென்றும், தூரத்தில் இருப்பவர்கள் ஒருவர் உருவத்தை ஒருவர் பார்த்துப் பேசும் காலம் வருமென்றும் 1940-களிலேயே பெரியார் எடுத்துச் சொன்னதை நம் வாசகர்கள் அறிவார்கள். இன்று நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்பதிவு செய்வது முதல் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு மனுப் போடுவது வரை போன் இல்லாமல் நடக்காது. 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடமெல்லாம் போன் வழியாக நடந்தபோது, போன் இல்லாத ஏழைப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே "போன் வந்ததால் உலகம் கெட்டுவிட்டது" என்று ஒப்பாரி வைக்கும் வைதிகர்களோடு நாம் சேர்ந்து பாடப் போவதில்லை. அவர்களுடைய கவலையெல்லாம் எங்கே போய் முடியும் என்பதற்கு, 2019-ல் குஜராத்தில் பனாஸ்காந்தா ஜில்லாவில் தாக்கோர் சமூகப் பெரியவர்கள் கூடி, கல்யாணமாகாத பெண்கள் போன் வைத்துக் கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டதே போதுமான அத்தாட்சியாகும். பெண் கையில் போன் இருந்தால் ஜாதி கெட்டுவிடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். நாமோ போன் விற்கிறவன் வாலிபனுடைய அறிவை முதலில் விலைக்கு வாங்கிவிட்டுப் பிறகுதான் போனை விற்கிறான் என்று சொல்லுகின்றோம். இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

புரோகிதன் தொழில் நடக்கும் விதம் நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. முதலில் "நீ பாவி" என்பான். அதை நீங்கள் நம்பிவிட்டால், பாவம் போக்கும் சடங்கு தன்னிடம்தான் இருக்கின்றது என்பான். போன் கம்பெனிக்காரனும் இதே மாதிரி முதலில் "உன் போன் பழசு, நீ பின்தங்கியவன்" என்கிறான். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த போனை எடுத்துக் கூட்டாளிகள் நடுவில் வைக்க ஒரு பையன் வெட்கப்படுகிறான் என்றால், அந்த வெட்கம் தானாக முளைத்ததா? அதை முளைக்க வைப்பதற்குச் செலவழிக்கப்படும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். 2017-ல் விவோ என்ற சீனக் கம்பெனி ஐ.பி.எல். கிரிக்கெட் பந்தயத்தின் பெயரோடு தன் பெயரை ஒட்டிக் கொள்வதற்காக மட்டும் 5 வருஷத்துக்கு 2,199 கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம் செய்து, பிறகு தவணை முடியு முன்பே விலகிக் கொண்டது. அதே 2017-ல் ஓப்போ என்ற கம்பெனி இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் சட்டையில் தன் பெயரைப் பொறிக்க 1,079 கோடிக்கு ஏலம் எடுத்து, அதையும் 2019-ல் வேறொருவருக்குக் கைமாற்றியது. இந்த இரண்டு கம்பெனிகளும், "வாலிபர்களுக்காகவே" என்று சொல்லிக்கொண்டு 2018-ல் புறப்பட்ட ரியல்மியும் சீனத்துப் பி.பி.கே. என்னும் ஒரே வியாபாரக் குடும்பத்தின் வழி வந்தவை. ஒரே பூசாரி மூன்று கோயில் கட்டி மூன்று உண்டியல் வைத்தால், எந்தச் சாமி பெரியது என்று பக்தர்கள் தங்களுக்குள் அடித்துக் கொள்வது போல, நமது வாலிபர்களும் "என் போன் உசத்தி, உன் போன் தாழ்த்தி" என்று வாதாடுகிறார்கள்! சட்டையில் பொறித்த எழுத்துக்கான கூலியைக் கடைசியில் கொடுக்கிறவர்கள் யார்? கீரப்பாளையத்திலும், அதுபோன்ற பல்லாயிரம் ஊர்களிலும் போன் வாங்குகிற வாலிபர்கள்தான்.

இனி நல்ல நாள் பார்க்கும் விஷயம். ஆடி மாதத்தில் ஒரு நல்ல காரியமும் செய்யக் கூடாது என்று பஞ்சாங்கக்காரன் சொல்லி வைத்தான். வியாபாரி அதே ஆடியைத் தள்ளுபடி மாதமாக்கிவிட்டான். இதனால் பஞ்சாங்கம் பொய்யென்று ஜனங்கள் தெரிந்து கொண்டார்களா என்றால் அதுவுமில்லை. இரண்டுக்கும் சேர்த்துத் தலை வணங்குகிறார்கள். ஆயுத பூஜைக்கு ஒரு விற்பனை, தீபாவளிக்கு ஒரு விற்பனை, பொங்கலுக்கு ஒரு விற்பனை. 2021-ல் ரிலையன்ஸ் ஜியோவும் கூகிளும் கூட்டுச் சேர்ந்து ஏழைகளுக்கென்று ஒரு டச் போன் செய்து, அதை விநாயகர் சதுர்த்தியன்று, அதாவது செப்டம்பர் 10-ஆம் தேதி வெளியிடப் போவதாகத் தமுக்கடித்தார்கள். அந்நாள் வந்ததும், உலகமெங்கும் சில்லுக்குப் பஞ்சம், ஆகவே தீபாவளிக்குத்தான் தர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். விக்கினம் தீர்க்கும் சாமி என்று சொல்லப்படுகிறவருடைய பண்டிகைக்கே விக்கினம் வந்துவிட்டது! சில்லு செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டும், கொழுக்கட்டை போதாது என்பதைக் கம்பெனிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். வாங்குகிறவர்கள் அறியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு லாபம்.

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்தன்று திரை விலகும் நேரத்தை எதிர்பார்த்துக் கூட்டம் முண்டியடிப்பதை நம் பக்கத்தார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவுக்கு முன்னால் யாரும் முண்டியடிப்பதில்லை. இந்த ரகசியத்தை ஷியோமி கம்பெனி 2014-ல் இந்தியாவுக்கு வந்தவுடனேயே கையாண்டது. 5,999 ரூபாய்ப் போனைக் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் விற்பதாகச் சொல்லி, 40,000 போன்கள் 5 நொடிக்குள் விற்றுப் போயின என்று பறை சாற்றிக் கொண்டது. கிடைக்காதவன், "இந்தப் போன் எனக்கு வேண்டுமா?" என்று யோசிப்பதை விட்டுவிட்டு, "அடுத்த தடவையாவது கிடைக்குமா?" என்று ஏங்க ஆரம்பித்துவிடுகிறான். கடையில் அரிசி வாங்கும்போது இப்படி நொடிக் கணக்கில் வாங்கச் சொன்னால் நம் தாய்மார்கள் அந்த வியாபாரியைச் சும்மா விடுவார்களா?

எண்ணின் மகிமையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 108 என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு தனிப் பக்தி. 108 போற்றி, 108 தேங்காய், 108 சுற்று. 2023-ல் ரியல்மி கம்பெனி 9,999 ரூபாய்ப் போன் ஒன்றில் 108 மெகாபிக்சல் காமிரா என்று விளம்பரம் செய்தது. மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. புள்ளி அதிகமானால் படம் தெளிவாக இருக்கும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு சுண்டு விரல் நகத்தைக் காட்டிலும் சிறியது. ஒரே முற்றத்தில் 12 சட்டிகளை எடுத்துவிட்டு 108 சிறு கிண்ணங்களை வைத்தால் மழை அதிகமாகப் பெய்துவிடுமா? ஆகவே இப்படிப்பட்ட காமிராக்கள் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது ஒன்பது புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் விலை சொல்லும் ஆப்பிள் கம்பெனி 2015 முதல் 2021 வரை தன் பிரதானக் காமிராவை 12 மெகாபிக்சலோடுதான் வைத்திருந்தது. பணக்காரன் போனுக்கு 12 போதும், கூலிக்காரன் மகன் போனுக்கு 108 வேண்டுமாம்! மேலும் பல மலிவுப் போன்களின் முதுகில் மூன்று நான்கு கண்கள் வைத்திருப்பதில், ஒன்றிரண்டு வெறும் 2 மெகாபிக்சல் கண்கள். நெற்றிக் கண் உள்ள சாமிப் படத்தைப் போல, பார்க்கிறவருக்கு மிரட்சி உண்டாக்குவதைத் தவிர அவற்றால் பெரிய பிரயோஜனமில்லை.

இந்த ஏமாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். 2016 பிப்ரவரியில் ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி 251 ரூபாய்க்கு டச் போன் தருவதாகப் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் செய்தது. போனின் பெயர் "ஃப்ரீடம்", அதாவது விடுதலை. முதுகில் தேசக் கொடி. வெளியீட்டு மேடையில் முரளி மனோகர் ஜோஷி போன்ற பெரிய மனிதர். கோடிக்கணக்கான பேர் பெயர் பதிந்ததாகக் கம்பெனியாரே சொன்னார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த மாதிரிப் போனைச் சுரண்டிப் பார்த்ததில், ஆட்காம் என்ற வேறொரு கம்பெனியின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. மறு வருஷம் அக்கம்பெனியின் தலைவர் மோசடிப் புகாரில் கைது செய்யப்பட்டார். திரைக்கும் பாட்டரிக்கும் ஆகும் கிரயத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்திருந்தால் 251 ரூபாய்க்கு இது ஆகாது என்பது ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் கொடியைப் பார்த்த கண் கணக்கைப் பார்க்கவில்லை.

அது போகட்டும், அது வெளிப்படையான மோசடி. யோக்கியமான வியாபாரம் என்று சொல்லப்படுவதன் கணக்கைப் பார்ப்போம். விலை 9,999 ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கின்றது. ஒரு ரூபாயைக் குறைத்து எழுதுவது, "ஒன்பதாயிரத்துச் சொச்சம்" என்று பையன் வீட்டில் போய்ச் சொல்லுவதற்காக. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் தினக் கூலி 336 ரூபாய். அப்படியானால் ஒரு தாயார் முழுசாக 30 நாள் மண் சுமந்தால் ஒரு "மலிவு"ப் போன் ஆகும். 30 நாள் கூலி கையில் ரொக்கமாக எந்த வீட்டில் இருக்கின்றது? ஆகவே கடையில், "தம்பி, முன்பணம் மட்டும் கட்டு, மீதி வட்டியில்லாத் தவணை" என்கிறார்கள். வட்டியில்லாமல் கடன் கொடுக்க அவர்கள் என்ன தர்மச் சத்திரமா வைத்திருக்கிறார்கள்? 2013 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கியே, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று பாங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றது. ரொக்கத்துக்குக் கொடுக்கும் தள்ளுபடியைத் தவணைக்காரனுக்குக் கொடுக்காமல் நிறுத்திக் கொள்வது, "பிராசஸிங்" கட்டணம் என்று ஒன்றைப் பிடித்துக் கொள்வது ஆகிய வழிகளில் வட்டி பின்புற வாசல் வழியாக வந்து உட்கார்ந்து கொள்கின்றது. மேலே சொன்ன ஜியோவின் பண்டிகைப் போனுக்கு ரொக்க விலை 6,499. தவணையில் எடுத்தால் முன்பணம் 1,999, பிராசஸிங் கட்டணம் 501, பிறகு திட்டத்துக்குத் தக்கபடி மாதம் 300 முதல் 600 வரை 18 அல்லது 24 மாதம். ஆகக் குறைந்த 300 ரூபாய்த் தவணையை 24 மாதம் கட்டினால் மொத்தம் 9,700 ரூபாய். அதில் மாதாந்திரப் பேச்சும் டேட்டாவும் கொஞ்சம் அடக்கம் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது 1,999 மாத்திரமே.

தவணை முடிந்தால் விடுதலையா? அதுதான் இல்லை. சாமி சிலையை ஒரு தரம் செய்து வைத்தால் போதும், பூஜைச் செலவு தினமும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 2017 மார்ச் கடைசி வரை எல்லாம் இலவசம் என்று கொடுத்துப் பழக்கினார்கள். பழகின பிறகு நடந்ததைப் பாருங்கள். தினம் 1.5 ஜி.பி. வீதம் 28 நாளைக்கு 149 ரூபாயாக இருந்த திட்டம் 2019 டிசம்பரில் 199, 2021 டிசம்பரில் 239, 2024 ஜூலையில் 299 ஆகிவிட்டது. 28 நாள் என்பதையும் கவனிக்க வேண்டும். எந்தப் பஞ்சாங்கக்காரனும் செய்யத் துணியாத வேலையாக, வருஷத்துக்கு 13 மாதம் என்று இவர்கள் புதிதாகக் காலக் கணிதம் செய்திருக்கிறார்கள்! 28 நாளைக்கு ஒரு தரம் கட்டினால் வருஷத்தில் 13 தரம் கட்ட வேண்டும். ஜனங்கள் புகார் செய்ததன் மேல் 2022 ஜனவரியில் டிராய் என்னும் தொலைத்தொடர்பு அதிகார சபை, ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. அப்படி ஒன்று இருப்பதாக எத்தனை வாலிபர்களுக்குத் தெரியும்? 299 வீதம் 13 தரம் கட்டினால் வருஷத்துக்கு 3,887 ரூபாய். மூன்று வருஷத்தில் 11,661 ரூபாய். போனின் விலையைக் காட்டிலும் போனுக்குப் போடும் தீனி அதிகம்.

இவ்வளவு கொடுத்தும் போன் அவனுக்கு முழுச் சொந்தமாகிறதா என்றால் அதுவும் சந்தேகமாகவே இருக்கின்றது. தவணை தவறினால் தூரத்திலிருந்தே பூட்டிவிடும் ஏற்பாட்டோடு விற்கப்படும் போன்கள் உண்டு. 2018-ல் ஷியோமியின் தலைவர் லெய் ஜுன், போன் முதலிய சாமான்களின் விற்பனையில் 5 சதவிகிதத்துக்கு மேல் நிகர லாபம் வைப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தார். கேட்பதற்கு மகா உத்தமமாக இருக்கின்றது. ஆனால் அதே கம்பெனிக்கு விளம்பரம் முதலிய இன்டர்நெட் வரும்படியில் கிடைத்த மொத்த லாப விகிதம் அவ்வருஷத்தில் 60 சதவிகிதத்துக்கு மேல். இதன் அர்த்தம் என்ன? போன் தூண்டிலில் வைத்த புழு, மீன் வேறு. வாங்கிய அன்றே போனில் நாம் கேட்காத செயலிகள் பத்துப் பதினைந்து குடியிருக்கின்றன. பூட்டிய திரையைத் தட்டினால் மணி பார்க்கு முன் ஒரு விளம்பரம். பல மலிவுப் போன்களில் 'கிளான்ஸ்' என்ற பெயரில் இவ்வேற்பாடு ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றது. வீட்டுத் திண்ணையை நாம் பணம் கொடுத்துக் கட்டி, அதில் அன்னியன் கடை வைத்துக் கூவுவதற்கு நாமே கூரையும் போட்டுக் கொடுத்தது போலல்லவா இருக்கின்றது! விலை உயர்ந்த போன் வாங்குகிற பணக்காரனுக்கு இந்தத் தொல்லை குறைவு. இதிலும் வருணாசிரமந்தான்.

கடைசியாக, நம் மனதை மிகவும் உறுத்துகின்ற விஷயம் ஒன்று. இந்தப் போன்களை வாலிபர்களுக்கு விற்கக் கையாளும் முக்கிய ஆசை, தன்னைத் தானே படம் பிடித்துக் கொள்ளும் செல்ஃபி ஆசை. 2016 முதல் ஓப்போவும் விவோவும் இதையே கொடியாகப் பிடித்துச் சினிமா நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்தன. ஒரு வாலிபன் தன் முகத்தைத் தானே பார்த்து மகிழ்வதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் காமிரா காட்டுவது அவன் முகத்தையா? பல மலிவுப் போன்களின் முன்பக்கக் காமிராவில் "பியூட்டி", அதாவது அழகு என்ற பெயரில் ஒரு வித்தை வைக்கப்பட்டிருக்கின்றது. அது முகத்தின் வடுவை அழித்து, தாடையைக் குறுக்கி, தோலை வெளுக்க வைத்துக் காட்டுகின்றது. வெயிலில் நாற்றங்காலில் நின்று கறுத்த முகம், போனில் பார்க்கும்போது மாநிறத்தையும் தாண்டி வெள்ளைக்காரன் நிறத்துக்கு வந்துவிடுகின்றது. எது அழகு என்று தீர்மானித்தவன் யார்? கறுப்பு இழிவு, வெளுப்பு உயர்வு என்று எத்தனையோ காலமாக நம் தலையில் ஏற்றி வைக்கப்பட்ட விஷம், புராணத்திலும் கல்யாணச் சந்தையிலும் இருந்தது போதாதென்று, இப்போது சட்டைப் பைக்குள்ளும் வந்து புகுந்து கொண்டது. முகப் பூச்சு விற்கிறவர்களே 2020-ல் தங்கள் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரை வைத்துக் கொள்ள வெட்கப்பட்டு மாற்றிக் கொண்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் கூகிள் கம்பெனி, தன் போன்களில் முகத்தை மாற்றும் வித்தை தானாக இயங்காதபடி நிறுத்தி வைப்பதென்றும், அதற்கு "அழகு" என்ற பெயர் கூடாதென்றும் அறிவித்தது. நம் ஊரில் அதிகம் விற்கும் மலிவுப் போன்களில் பலவற்றில் இன்றும் அந்தச் சொல்லே ஒட்டிக் கொண்டிருக்கின்றது. நாள்தோறும் பத்துத் தடவை இந்த வெளுத்த பிம்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ தன் நிறத்தின் மேல் எவ்விதமான எண்ணம் உண்டாகும்? "நீ குறைவானவன்" என்று சொல்லாமல் சொல்லும் இயந்திரத்தை, தாயார் மண் சுமந்த கூலியைக் கொடுத்து வாங்குவதைவிடப் பரிதாபம் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

போன் வேண்டுமென்றால் வாங்கட்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, அண்ணன் கழித்துப் போட்டதாக இல்லாமல், அவளுக்கென்றே ஒன்று வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொண்டு போகட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, தவணை எல்லாம் கட்டி முடித்தால் மொத்தம் என்ன ஆகும் என்று இரண்டு தொகையையும் கடைக்காரர் கையாலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்க வேண்டும். ஏனெனில் மலிவுப் போன்களில் பலவற்றைக் கம்பெனிக்காரன் இரண்டு மூன்று வருஷத்தில் கை கழுவிவிடுகிறான். திரை உடைந்தால் மாற்ற என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். பிறகு அந்தப் "பியூட்டி" அளவைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். சிதம்பரத்தில் தேரோடும் வீதி நான்கு இருக்கின்றது.